நாப்கின் மெஷின் இருக்கட்டும் சார், மொதல்ல தாழ்ப்பாள் மாட்டுங்க

சார், உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஆறு ஏழு எட்டு மூணு கிளாஸும் சேர்த்து அறுபது பொண்ணுங்க, பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து அறுபதாயிரம் ரூபா குடுத்திருக்காங்க, அதுல காசு போட்டா நாப்கின் விழற மெஷினும் யூஸ் பண்ணின நாப்கின எரிக்கிற மெஷினும் வாங்கிரலாமா, எந்த கம்பெனி நல்லதுன்னு கேட்டிருக்கீங்க. கடைசியா போற போக்குல ஒரு வரி, "நான் ஆம்பள ஹெச்.எம்., இதுல எவ்ளோ தூரம் தலையிடலாம்னு தெரியல"ன்னு. எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் நிஜக் கேள்வின்னு படுது. பீரியட்ஸ் வந்த பொண்ணு காலைல ஒம்பதுலேர்ந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் உங்க ஸ்கூல்ல பயமில்லாம இருக்க என்ன பண்ணணும், அதுல உங்க பங்கு என்ன, இதத்தான் கேக்கறீங்கன்னு எடுத்துக்கிட்டு பதில் சொல்றேன். கம்பெனி பேரெல்லாம் சொல்லப்போறதில்ல. நான் திண்டுக்கல் மாவட்டத்துல கிராம சுகாதார செவிலியரா சேர்ந்து, சமுதாய சுகாதார செவிலியரா ரிடையர் ஆனவ, ஊர்ல நர்சம்மான்னா தெரியும். டாக்டர் இல்ல, அதனால வைத்தியம்னு வர்ற இடத்துல எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்திக்கறேன்.

நாளைக்கு சாயங்காலம் பிள்ளைங்க எல்லாம் போனதும் உங்க லேடி டீச்சரையும் கூட்டிக்கிட்டு பொண்ணுங்க டாய்லெட்டுக்குள்ள போயி கதவ சாத்திப் பாருங்க சார். சாத்துதா, உள்ள தாழ்ப்பாள் விழுதா? நான் பாத்த பாதி ஸ்கூல்ல தாழ்ப்பாள் இருந்த இடத்துல நாலு ஆணி ஓட்டை மட்டும் இருக்கும், அந்த ஓட்டைல கசக்கின பேப்பர திணிச்சிருக்கும், பசங்க எட்டிப் பாக்கக் கூடாதுன்னு பொண்ணுங்களே பண்ணினது அது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவ இழுத்துப் பிடிக்கணும். அப்பிடி கூட வர ஆள் இல்லாதவ என்ன பண்ணுவா, போகவே மாட்டா. போகக் கூடாதுன்னு காலைலேர்ந்து தண்ணியும் குடிக்க மாட்டா, அப்புறம் ஒண்ணுக்குப் போகையில எரியுதுன்னு நம்மகிட்ட வரும். அடுத்து குழாயத் திறங்க, தண்ணி டாய்லெட்டுக்கு உள்ளயே வருதா இல்ல வெளிய தொட்டியில மோந்துகிட்டு எல்லார் முன்னாடியும் நடந்து போகணுமா, மக் இருக்கா, சோப்பு இருக்கா, செவுத்துல துணியோ பையோ மாட்ட ஒரு ஆணி இருக்கா (ஈரத் தரைல பேட எங்க வெக்கிறது சொல்லுங்க), மூடி போட்ட குப்பை டப்பா இருக்கா. சில ஸ்கூல்ல பூட்டு போட்டு சாவிய ஹெச்.எம். ரூம் ஆணில தொங்க விட்டிருப்பாங்க, ஊர்க்காரங்க அசிங்கம் பண்றாங்கன்னு காரணம் சொல்வாங்க, காரணம் நியாயமாவே இருக்கலாம், ஆனா பன்னெண்டு வயசுப் பொண்ணு ஆம்பள சார்கிட்ட வந்து சாவி கேப்பாளா? கேக்கவே மாட்டா. ஆம்பளப் பசங்களுக்கு பொண்ணுங்களுக்குன்னு தனித்தனி டாய்லெட் இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, அனேகமா உங்க ஸ்கூல்லயும் கட்டடம் இருக்கும். நான் கேக்கறது கட்டடத்தப் பத்தி இல்ல, அது ஓடுதாங்கறதப் பத்தி.

இப்ப பேடுக்கு வர்றேன். உங்க பிள்ளைங்களுக்கு ஏற்கனவே புது யுகம் திட்டத்துல இலவச நாப்கின் வரணும், 2011-12 வாக்குல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்சது, 10லேர்ந்து 19 வயசு வரைக்கும். ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைங்களுக்கு ஸ்கூல் வழியா, படிப்ப நிறுத்தின பிள்ளைங்களுக்கு நாங்க குடுப்போம். ரெண்டு மாசத்துக்கு மூணு பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 பேட். கணக்குப் போடுங்க சார், மாசத்துக்கு 9 பேட். ஆனா நாலு மணி நேரத்துலேர்ந்து ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு மாத்துன்னு நாமதான் சொல்லிக் குடுக்கறோம், அஞ்சு நாள் போற பொண்ணுக்கு ராத்திரி தூங்கற நேரத்த கழிச்சாலே அந்தக் கணக்குல பதினஞ்சு இருவது வேணும். மீதிக்கு அவ என்ன பண்றா? வசதி இருந்தா கடைல வாங்குவா, இல்லன்னா வீட்ல துணி ஸ்கூலுக்குப் பேட்னு பிரிச்சு வெச்சுக்குவா, இல்லன்னா ஒரே பேட காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வெச்சிருப்பா. திட்டத்த நான் குறை சொல்லல, அது வந்ததுக்கு முன்னாடி நெலம என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா "கவர்மென்ட்தான் குடுக்குதே"ன்னு யாராவது சொன்னா இந்தக் கணக்க சொல்லிக் காட்டுங்க. ஸ்டாக் வர்ற அன்னைக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கி எல்லாத்தையும் குடுத்துட்டா வேல முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, திடீர்னு கிளாஸ் நடுவுல வந்துட்டா எடுக்கறதுக்குன்னு ஒரு கையிருப்பு ஸ்கூல்லயே எப்பவும் இருக்கணும். லோட் வரலன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, எழுதிக் குடுத்தே கேளுங்க.

இன்னொண்ணு, இத யாரும் பேச மாட்டாங்க. பேட் ஒட்டி நிக்கணும்னா ஜட்டி ஒழுங்கா இருக்கணும். எலாஸ்டிக் தளந்து போன ஜட்டியில எவ்ளோ நல்ல பேட் வெச்சாலும் நகரும், கறை படும், அந்தப் பயத்துலதான் பாதிப் பொண்ணுங்க விளையாட்டு பீரியட்ல மரத்தடில உக்காந்துருக்கும். நீங்க பணம் செலவு பண்ற லிஸ்ட்ல ரெண்டு மூணு சைஸ்ல புது ஜட்டியும் மாத்துத் துணியா யூனிஃபார்ம் பேன்ட் நாலும் சேருங்க, டீச்சர் பீரோல இருக்கட்டும்.

மெஷின் வேண்டாம்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. காலேஜ்லயோ பெரிய ஹையர் செகண்டரிலயோ ஆயிரம் பேர் இருக்கற இடத்துல, பாத்துக்க ஆள் இருந்தா அது ஓடும். அறுபது பேருக்கு அதுக்கு என்ன அவசியம்? காசு சிக்கும், கரன்ட் போகும், உள்ள நிரப்புற பேட் அந்த சைஸ்லதான் வாங்கணும், சாவி யார்கிட்டன்னு தெரியாது, மொதல் லோட் தீந்ததோட செவுத்துல அலங்காரமா தொங்கும். காசு கையில இல்லாத பொண்ணுக்கு அது எப்பிடி உதவும்னு எனக்கு இன்னும் புரியல. அதுக்குப் பதிலா பொண்ணுங்க டாய்லெட் வாசல்லயே ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ள பேட், பழைய நியூஸ்பேப்பர் துண்டு, அவ்ளோதான், யாரையும் கேக்க வேண்டாம், வேணும்கறவ எடுத்துக்கட்டும். எடுத்துக்கிட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருவாங்களேன்னு டீச்சருங்க கேப்பாங்க, போகட்டுமே சார், வீட்ல அவ அக்காவோ அம்மாவோதான வெச்சுக்கப் போறாங்க. எட்டாங்கிளாஸ் பொண்ணுங்க ரெண்டு பேர பொறுப்பு விடுங்க, டப்பா காலியாச்சுன்னா அவங்க டீச்சர்கிட்ட சொல்வாங்க. ஆ, சொல்ல மறந்துட்டேன், கோயம்புத்தூர் முருகானந்தம் மெஷின் மாதிரி ஒண்ணு வாங்கறோம்னு எழுதியிருந்தீங்க, அவர் கண்டுபிடிச்சது பேட தயாரிக்கிற மெஷின், மகளிர் குழுக்கள் வெச்சு தொழில் பண்றதுக்கு, நீங்க கேக்கறது காசு போட்டா பேட் விழற மெஷின், ரெண்டும் வேற.

எரிக்கிற மெஷின் விஷயம் இதவிட சிக்கல். கடைல விக்கிற பேட்ல மேல பிளாஸ்டிக், உள்ள தண்ணிய ஜெல்லாக்குற பவுடர், நனைஞ்ச பேட் சுலபமா எரியாது. சின்ன மெஷின்ல குறைஞ்ச சூட்டுல அரைகுறையா எரிஞ்சா கரும்புகையும் நாத்தமும் வரும், அந்தப் புகைல டயாக்ஸின் மாதிரி விஷமும் வரலாம், அது பக்கத்து கிளாஸுக்குள்ள போகும். செங்கல்ல கட்டி மேல புகைபோக்கி வெச்ச பழைய மாடலும் பல ஸ்கூல்ல இருக்கு, நான் பாத்த வரைக்கும் அதுக்குள்ள வெளக்கமாறு பாத்திருக்கேன், எரிஞ்ச சாம்பல் பாத்தது அபூர்வம். அதுக்காக டாய்லெட் கோப்பைல போடவும் விட முடியாது, போட்டா அடைச்சுக்கும், குழில போனா மக்காது. அதனால பேப்பர்ல நல்லா சுத்தி, மூடி போட்ட டப்பால போட்டு, தினமும் சாயங்காலம் கட்டி வெளிய எடுத்துடறதுதான் உங்க மாதிரி ஸ்கூலுக்கு சரி. திடக்கழிவு விதிலயும் நாப்கின சுத்தி தனியா குடுக்கணும்னுதான் இருக்கு. பஞ்சாயத்து ஆபீஸ்ல பேசி தூய்மைக் காவலர் வந்து எடுத்துக்கற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, எடுக்கறவங்களுக்கு கிளவுஸ் குடுங்க, டாய்லெட் கழுவுற அம்மாவுக்கு அந்தப் பணத்துலேர்ந்து மாசம் ஏதாச்சும் சேத்துக் குடுத்தா இன்னும் நல்லது. அந்தம்மா மனசு வெக்கலன்னா உங்க திட்டம் ஒரே வாரத்துல நாறிரும், நெஜமாவே நாறிரும்.

இதுவரைக்கும் சொன்னது பணம் செலவாகற விஷயம். காசே ஆகாத ஒண்ணு இருக்கு, அது உங்க கையில மட்டும்தான் இருக்கு சார். கிளாஸ் நடக்கும்போது ஒரு பொண்ணு வெளிய போகணும்னு கைய தூக்கினா காரணம் கேக்காம அனுப்பணும். "இப்பத்தான இன்டர்வல் விட்டோம்", "எல்லாரும் போகையில நீ என்ன பண்ணிட்டிருந்த", இந்தக் கேள்விய நாப்பது பேர் முன்னாடி கேட்டா அவ அடுத்த தடவ கைய தூக்க மாட்டா. ஸ்டாஃப் மீட்டிங்ல நீங்க ஹெச்.எம்.மா ஒரே வரி சொன்னா போதும், பொண்ணுங்க கேட்டா அனுப்பிருங்க, கேள்வி வேண்டாம்னு. பரீட்சை அன்னைக்கும் அப்பிடித்தான், 10, 12 பப்ளிக் எக்ஸாம்லயே பொண்ணுங்கள டாய்லெட் போக விடணும்னு ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜூன்ல அறிவுரை அனுப்பியிருக்கு, உங்க மிட்டெர்ம்ல என்ன கஷ்டம்? அதே மாதிரி, 2025 ஏப்ரல்ல பொள்ளாச்சி பக்கம் ஒரு தனியார் பள்ளியில வயசுக்கு வந்த எட்டாங்கிளாஸ் பொண்ண கிளாஸுக்கு வெளிய வாசப்படில உக்கார வெச்சு பரீட்சை எழுத வெச்சது வீடியோவா சுத்தி பெரிய பிரச்சனை ஆச்சு, ஹெட்மிஸ்ட்ரஸ சஸ்பெண்ட் பண்ணாங்க. அம்மாவே கேட்டாங்க அதனாலதான்னு ஸ்கூல் தரப்புல சொன்னாங்க. உங்ககிட்டயும் ஏதாவது ஒரு அம்மாவோ பாட்டியோ வந்து "தீட்டு சார், தனியா உக்கார வைங்க"ன்னு கேக்கலாம், கோவப்படாம, ஆனா வளைஞ்சும் குடுக்காம, "பாட்டிம்மா, வீட்ல உங்க வழக்கம் எப்பிடியோ, ஸ்கூல்ல அவ பெஞ்சு அவளுக்குத்தான்"னு சொல்லிருங்க.

பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கறது எப்ப ஆரம்பிக்கணும்னா, உங்க ஸ்கூல்ல அஞ்சாங்கிளாஸ் இருந்தா அங்கேர்ந்து. நெறைய பேருக்கு 12, 13 வயசுல வருது, 9, 10லயே வர்ற பிள்ளைங்களும் இருக்காங்க, ஒண்ணுமே தெரியாம ரத்தத்தப் பாத்துட்டு தனக்கு ஏதோ பெரிய வியாதின்னு அழுத பொண்ணுங்கள பாத்திருக்கேன். முதல் ரெண்டு வருஷம் முன்னப்பின்ன வரும், 21 நாள்லயும் வரும், 45 நாள்லயும் வரும், பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா ஏழு நாளுக்கு மேல விடாம போனாலோ, ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசா நனைஞ்சாலோ, மூணு மாசம் வராமலே இருந்தாலோ, 15 வயசு ஆகியும் முதல் தடவையே வரலன்னாலோ கண்டிப்பா டாக்டர்கிட்ட அனுப்பணும், இதெல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். முதல் தடவைலேர்ந்தே ரொம்ப அதிகமா போற சில பிள்ளைங்களுக்கு ரத்தம் உறையறதுல கோளாறு இருக்கும், அதயும் டாக்டர்தான் டெஸ்ட் பண்ணி சொல்லணும். கைய உள்ள விட்டுக் கழுவறது, டெட்டால் ஊத்திக் கழுவறது எல்லாம் வேண்டவே வேண்டாம், வெறும் தண்ணி போதும்.

வயித்து வலிக்கு சுடுதண்ணி பை நல்லா கேக்கும், நடமாடினாலும் குறையும். மாத்திரை விஷயத்துல டீச்சருங்க கைல இருக்கறத தூக்கிக் குடுக்கக் கூடாது. மெஃபெனமிக் ஆசிட் மாதிரி மாத்திரை வலிக்குக் காரணமான சுரப்பையே குறைக்கிறதால நல்லா வேலை செய்யுது, ஆனா சாப்ட்டுட்டுதான் போடணும், அல்சர், ஆஸ்துமா, கிட்னி பிரச்சனை இருக்கற பிள்ளைங்களுக்கு ஆகாம போகலாம், அதனால ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டி எழுதி வாங்கிக்கிட்டா அப்புறம் அம்மா குடுத்தனுப்புவாங்க. மாத்திரை போட்டும் மாசாமாசம் சுருண்டு படுக்கற பொண்ண "எல்லாருக்கும் இப்பிடித்தான்"னு விட்றாதீங்க, நம்ம பொம்பளைங்களே ரொம்ப சொல்ற பொய் அது. வாரம் ஒரு தடவை குடுக்கற நீல கலர் இரும்புச்சத்து மாத்திரைய ஒழுங்கா குடுங்க, வெறும் வயித்துல குடுத்தா வாந்தி வரும்னு பிள்ளைங்க ஜன்னல் வழியா எறிஞ்சிரும், மதிய சாப்பாடு முடிஞ்சதும் குடுத்து கண்ணு முன்னாடி முழுங்க வைங்க, மலம் கருப்பா போகும் பயப்படாதீங்கன்னு முன்னாடியே சொல்லி வைங்க. தமிழ்நாட்டுல பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்த சோகைன்னு தேசிய குடும்ப நல சர்வே சொல்லுது. 12 வயசுக்கு மேல ஹீமோகுளோபின் 12க்குக் கீழ போனாலே சோகைதான், பிள்ளைங்கள பரிசோதிக்க வருஷத்துக்கு ஒருக்கா வர்ற ஆர்.பி.எஸ்.கே. வண்டி டாக்டர்கிட்ட வெளிறிப்போன பிள்ளைங்கள தனியா காட்டுங்க.

இனிமே சொல்றது அவ்ளோ உறுதியா சொல்ல முடியாத விஷயங்க. "இந்தியாவுல 23 சதவீதம் பொண்ணுங்க பீரியட்ஸ் வந்ததும் படிப்ப நிறுத்திடறாங்க"ன்னு எல்லா மேடைலயும் சொல்வாங்க, உங்க நன்கொடைக் கடிதத்துலயும் அது இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அது 2010-11 வாக்குல சுமார் ஆயிரம் பொம்பளைங்கள கேட்டு எடுத்த ஒரு சர்வேலேர்ந்து வந்த நம்பர், அத வெச்சு நாடு முழுக்க அப்பிடின்னு சொல்றது நியாயமில்ல, எடுத்துருங்க. பேட் குடுத்தா அட்டென்டன்ஸ் ஏறுமான்னா அதுவும் குழப்பம்தான். நேபாளத்துல சித்வன்ல பொண்ணுங்களுக்கு மென்ஸ்ட்ரூவல் கப் (பேடுக்குப் பதிலா உள்ள வெச்சு ரத்தத்தப் பிடிக்கற சின்னக் கிண்ணம்) குடுத்துப் பாத்து 2011ல வெளியான ஆராய்ச்சில, அட்டென்டன்ஸ்ல வித்தியாசமே இல்ல, பீரியட்ஸால லீவு போட்டது வருஷத்துக்கு ஒரு நாள்கூட வரல. உகாண்டாவுல 2016ல வெளிவந்த இன்னொண்ணுல பேடும் பாடமும் குடுத்த ஸ்கூல்ல அட்டென்டன்ஸ் நல்லா இருந்துச்சுன்னு வந்தது, ஆனா எட்டே ஸ்கூல்தான். அதனால உங்க அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர்ல மாற்றம் தெரியலன்னு மனச விட்றாதீங்க, நாம பண்றது நம்பர் ஏத்தறதுக்கு இல்ல, கிளாஸ்ல உக்காந்திருக்கறவ பயமில்லாம உக்காந்திருக்கறதுக்கு.

துணி வெச்சா கர்ப்பப்பை கெட்டுப் போகும்னு பயமுறுத்தறதும் சரியில்ல. துணி வெக்கிறவங்களுக்கு கீழ அரிப்பு, வெள்ளைப்படுதல் மாதிரி தொந்தரவு அதிகம்னு ஒடிசால 2015ல ஒரு ஆய்வு சொல்லுச்சு, ஆனா அது துணியாலயா, இல்ல சோப்பில்லாம அலசி கட்டிலுக்கடியில காயப் போடறதாலயான்னு பிரிச்சு சொல்ல முடியல. என் அனுபவத்துல ரெண்டாவதுதான். நல்லா சோப்பு போட்டு அலசி வெயில்ல காய வெச்ச பருத்தித் துணி தாராளமா வெக்கலாம். வீட்ல வெயில்ல காயப்போட விடலன்னா மேல ஒரு மெல்லிசு துண்ட விரிச்சு காய வைக்கச் சொல்லிக் குடுங்க. அதே மாதிரி பேட் வெச்சா கேன்சர்னு வாட்ஸ்அப்ல வர்றத பிள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க, பேட்ல சில கெமிக்கல் இருக்குன்னு 2022ல டாக்ஸிக்ஸ் லிங்க்ங்கற சுற்றுச்சூழல் அமைப்போட அறிக்கை வந்தது உண்மை, அதனால யாருக்கும் கேன்சர் வந்துச்சுன்னு அதுல நிரூபிக்கல. கப் இந்த வயசுக்கு ஸ்கூல் மூலமா குடுக்கறது தேவையில்லன்னு நான் நினைக்கறேன், பெரியவளாகி அவளே விரும்பினா வெச்சுக்கட்டும்.

நம்ம ஊர்ல ஸ்கூல் நாள் நெறைய போறது எப்பன்னு நான் கவனிச்சது வேற. மாசாமாசம் இல்ல, முதல் தடவைதான். உக்காந்துட்டான்னு தெரிஞ்சதும் வீட்ல நிறுத்தி, குச்சு கட்டி, உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டைன்னு குடுத்து, தண்ணி ஊத்தற வரைக்கும் ஸ்கூல் கிடையாது, மாமன் சீர் தேதி தள்ளிப் போனா இன்னும் ஒரு வாரம். அப்புறம் ஊர் முழுக்க ஃபிளெக்ஸ்ல அவ போட்டோ, திரும்ப கிளாஸுக்கு வர்றப்ப பசங்க ஒரு மாதிரி பாப்பாங்க. சடங்க நிறுத்துங்கன்னு சொல்லப் போனா அடி விழும் சார், எனக்கு விழாம போனது யூனிஃபார்ம் போட்டிருந்ததால. ஆனா ரெண்டு நாள்ல லேடி டீச்சர் ஒருத்தங்க வீட்டுக்குப் போயி நோட்ஸ் குடுத்துட்டு, "திங்கக்கிழமை அனுப்பிருங்க, டெஸ்ட் இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்தா அனேகமா அனுப்பிடுவாங்க. அந்தப் போக்குவரத்துல இன்னொரு லாபமும் இருக்கு, மாமன் மகனுக்குன்னு கல்யாணப் பேச்சு அடிபட்டா காதுல விழுந்துரும், விழுந்தா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுங்க.

உங்க கடைசி வரிக்கு வர்றேன். பேட் எப்பிடி வெக்கிறதுன்னு நீங்க பாடம் எடுக்க வேண்டாம், அதுக்கு டீச்சர் இருக்காங்க, இல்லன்னா உங்க ஊர் நர்ஸ கூப்பிடுங்க, கண்டிப்பா வருவாங்க. நீங்க செய்ய வேண்டியது பிளம்பர கூப்பிடறது, பில் கட்டறது, ஸ்டாஃப்கிட்ட அந்த ஒரு வரிய சொல்றது, பசங்களப் பாத்துக்கறது. எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு சயின்ஸ்லயே வளரிளம் பருவம்னு பாடம் இருக்கு, அந்தப் பக்கத்த "வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு தாண்டாம, ஆம்பள வாத்தியாரே சிரிக்காம நடத்தட்டும். எவனாவது ஒரு பொண்ணு டிரஸ்ஸப் பாத்து கிண்டல் பண்ணா அவன தனியா கூப்ட்டுப் பேசுங்க, அசெம்ப்ளில வெச்சு திட்டினா அந்தப் பொண்ணு பேரும் சேந்து வெளிய வரும்.

அறுபதாயிரத்துல தாழ்ப்பாள், குழாய், ஆணி, டப்பா, மக், சோப்பு, ஜட்டி, பேன்ட் எல்லாம் வாங்கினதுக்கு அப்புறமும் நல்ல தொகை மிஞ்சும். அதுல டாய்லெட் மேல சின்ன சின்டெக்ஸ் டேங்க் ஒண்ணு வெச்சு மோட்டார் லைன் இழுங்க, மிச்சத்த ரெண்டு வருஷத்துக்கு கையிருப்பு பேடுக்கும் சோப்புக்கும் பேங்க்ல போட்டு வைங்க, நன்கொடை குடுத்தவங்ககிட்ட மெஷின் போட்டோவுக்குப் பதிலா டேங்க் போட்டோ அனுப்புங்க. டேங்க் வெக்கிறதுக்கு மேல்தளம் தாங்குமான்னு ஊராட்சி ஒன்றிய இன்ஜினியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, அது எனக்குத் தெரியாத துறை.